இடது கையைப் பொக்கட்டில் வைக்கச் சொன்னார்கள்

ஹட்டனில் நான் படித்த தொழில்நுட்பக் கல்லூரியின் பிள்ளைகள் சிலர் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். நான் முன்பு வேலை செய்த களஞ்சியத்துக்குப் பயிற்சிக்குப் போன இடத்தில் எடுத்த படம். சுவரில் பெரிய போஸ்டர். அதில் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண், இரண்டு கைகளிலும் கறுப்புக் கையுறை, ஒவ்வொரு கையுறையின் மேலும் ஒரு சின்ன ஸ்கேனர். கீழே தடித்த எழுத்தில்: இரண்டு கை, இரட்டை வேகம்.

படத்தோடு ஒரு செய்தியும் வந்தது. "அக்கா, இந்த கிளவுஸ் ஸ்கேனர் நீங்க இருக்கிறப்பதான் வந்துச்சாமே. எங்க ஆண்டு மலருக்கு அதப் பத்தி எழுதித் தாங்களேன். ஓய்வு பெற்றவங்க அனுபவம்னு ஒரு பகுதி இருக்கு."

எனக்கு ஓய்வு பெறும் வயது இல்லை. ஆனால் அந்தத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்பது உண்மை. இனி எந்தக் களஞ்சியத்தின் படியிலும் ஏறுவதாக இல்லை. ஆகவே எழுதுகிறேன். பிள்ளைகள் எதிர்பார்த்தது ஒரு புதிய கருவி வந்த கதையாக இருக்கலாம். அந்தப் போஸ்டரைப் பார்த்த பிறகு என்னால் அந்தக் கதையை மட்டும் எழுத முடியாது.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தேன். அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தார். உயர்தரம் முடித்துத் தகவல் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா எடுத்தேன். சிங்களமும் ஆங்கிலமும் தட்டுத்தடுமாறாமல் பேசுவேன் என்பதால், நானுஓயாவுக்கு மேலே இருந்த அந்தக் களஞ்சியத்தில் சிஸ்டம் உதவியாளர் வேலை கிடைத்தது. மலையகம் முழுக்க உள்ள சில்லறைக் கடைகளுக்கு சோப், பற்பசை, பிஸ்கட், பால்மா, நுளம்புச் சுருள் என்று எல்லாம் அங்கிருந்துதான் லொறியில் போகும். கட்டடம் ஒரு பழைய தேயிலை பெக்டரி. கொழுந்து வாட்டிய மேல்மாடிகளில் சாமான் அடுக்கும் ராக்கைகள் நின்றன. கொழும்பில் பெட்டியில் அடைத்த தேயிலைத் தூளையும் அதே மாடிக்கு ஏற்றி, அதே மலைகளுக்கு விற்றோம். இதை நினைத்துச் சிரிக்க அப்போது எங்களுக்கு நேரம் இருந்தது.

கையுறைக்கு முன் துப்பாக்கி மாதிரி ஸ்கேனர் இருந்தது. கடையின் ஓடர் ட்ரொலியில் உள்ள டெப் திரையில் வரும். வலது கையில் ஸ்கேனர். இடது கையால் பொருளை எடுத்து, அதன் பார்கோட்டில் சிவப்பு வெளிச்சத்தைக் காட்டி, 'பீப்' கேட்டதும் ட்ரொலியில் உள்ள பெட்டியில் போட வேண்டும். ஒவ்வொரு பொருளாக. பன்னிரண்டு சோப் என்றால் பன்னிரண்டு பீப். மெதுவான வேலைதான். ஆனால் பிழை வராது. காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்: ஒரு கையில் ஸ்கேனர் இருந்ததால், பொருள் எடுக்க ஒரு கைதான் மிச்சம் இருந்தது.

கையுறை வந்தபோது பயிற்சி கொடுக்கும் பொறுப்பு எனக்கு. விரல்கள் திறந்த கறுப்புத் துணி. புறங்கையில் நெருப்புப்பெட்டி அளவு ஸ்கேனர் கொளுவப்பட்டிருக்கும். ஆள்காட்டி விரலின் ஓரத்தில் தைத்த பட்டனைக் கட்டைவிரலால் அழுத்தினால் சிவப்புக் கோடு விழும். சரியான பொருள் என்றால் பச்சை வெளிச்சமும் ஒரு பீப்பும். பிழையான பொருள் என்றால் சிவப்பு வெளிச்சமும் புறங்கையில் இரண்டு அதிர்வும். பனி இறங்கும் நாட்களில் அதன் கண்ணாடி மங்கிப்போகும், சால்வை நுனியால் துடைத்துக்கொள்ள வேண்டும். இது கம்பனியின் கைநூலில் இல்லை. நான் சேர்த்தது.

எல்லாம் வலது கைக்கு. எல்லாம் ஆம்பிளைக் கை அளவு.

முதல் நாள் அதை மாட்டிப் பார்த்த புவனேஸ்வரி அக்கா, கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"ஏ புள்ளைங்களா, மலையில வேல வாங்க ஒரு கங்காணி பின்னால நிப்பான். இவன் கையிலயே ஏறி உக்காந்துக்கிட்டான்."

அன்றிலிருந்து அதன் பெயர் கங்காணி. "கங்காணிக்கு சார்ஜ் போட்டாச்சா?", "ஏன்டி, ஒன் கங்காணி கத்துறான் பாரு" என்பார்கள். சில நாளில் எனக்கும் அந்தப் பெயர்தான் வாயில் வந்தது.

புவனாக்காவைப் பற்றி இப்போதே சொல்லிவிட வேண்டும். நாற்பது தாண்டியவர். மலையில் நீண்ட காலம் கொழுந்து பறித்து, தோட்டத்தின் ஒரு பகுதி காடாகிப் போனதும் எங்களிடம் வந்தவர். களஞ்சியத்தில் பொருள் எடுத்த பெண்களில் பெரும்பாலானவர்கள் பாடசாலை முடித்து நேரே வந்த பிள்ளைகள். மலையில் வேலை செய்தவர்கள் சிலர்தான். புவனாக்கா தவிர மற்றவர்கள் கீழ்மாடியில் பெரிய காட்போட் பெட்டிகளைத் தூக்கினார்கள். ஒரு பெட்டிக்கே இரண்டு கையும் வேண்டும். சின்னச் சாமான்கள் இருந்த மேல்மாடியில், மலையில் பழகியவர் புவனாக்கா மட்டும். அவர்தான் அங்கே வேகமானவர், அவர்தான் அங்கே வாயாடி.

கையுறையை விற்ற கம்பனியிலிருந்து பயிற்சிக்கு வந்தவரிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். "இடது கைக்கும் இது இருக்கா?"

"இருக்கு மிஸ். சோடியாவும் பாவிக்கலாம். ஆளுக்கு ஒண்டு போதும் எண்டு உங்கட மேனேஜ்மென்ட்தான் சொன்னது."

இந்தப் பதிலை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் நடந்தது என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது.

இனி மேனேஜர். கொழும்பிலிருந்து வந்தவர். நேசராஜா சேர் என்று கூப்பிடுவோம். அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. பெண்களை எல்லாம் "அம்மா" என்றுதான் அழைப்பார். பேசுவதற்கு முன் கையில் சனிடைசர் ஊற்றி, விரல் விரலாகத் தேய்ப்பார். தேய்த்து முடிக்கும்வரை எதிரில் நிற்பவர் காத்திருக்க வேண்டும். திட்டும்போதும் அவருடைய வாக்கியம் ஒன்றுதான்: "நான் சொல்றதில்ல அம்மா, டேட்டா சொல்லுது." தினமும் காலையில் எல்லோரையும் நிறுத்திப் பேசுவார். அறிவித்தல் பலகையில் அதற்கு ஆங்கிலப் பெயர். பெண்கள் அதைப் பெரட்டு என்றார்கள், தோட்டத்தில் காலையில் ஆள் கூட்டி வேலை பிரிப்பதை அப்படித்தானே சொல்கிறோம். பெரட்டு முடிவில் "கேள்வி ஏதும் இருக்கா?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டே படியிறங்கிவிடுவார். அவர் அதற்குப் பதில் கேட்டு நின்றதை நான் பார்த்ததில்லை.

கையுறை வந்த பிறகு வேகம் கூடியது. கொழும்புக்குப் போன அறிக்கைகளில் எங்கள் களஞ்சியத்துக்குப் பாராட்டு வந்தது. பிறகு ஸ்டொக் குறைய ஆரம்பித்தது. மேல்மாடியில் மட்டும். சோப், பற்பசை, நூடில்ஸ் பக்கெட். சிஸ்டத்தில் இருப்பதாகக் காட்டும், ராக்கையில் இருக்காது. எந்தக் கடையிலிருந்தும் சாமான் பிழை என்று முறைப்பாடு இல்லை. கடைக்குப் போனது சரி, ராக்கையில் இல்லை, அப்படியென்றால் களவு. மேனேஜரின் கணக்கு இவ்வளவுதான்.

வாசலில் பை சோதனை தொடங்கியது. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். சால்வையை உதறிக் காட்ட வேண்டும். குடையைக்கூட விரித்துக் காட்ட வேண்டும்.

"கொடைக்குள்ள சோப்ப வச்சுக்கிட்டு நானுஓயா மழையில நடந்தா, ரோடெல்லாம் நொரை தள்ளாதா தம்பி?" என்று காவலுக்கு நின்றவரிடம் புவனாக்கா கேட்டார். வரிசையே சிரித்தது. காவல்காரரும் சிரித்துவிட்டார். எவர் பையிலும் ஒரு சோப்கூட அகப்படவில்லை.

களவுப் பொருள் கிடைக்காவிட்டால், களவு நடந்ததா என்று யோசிக்க வேண்டும் இல்லையா? மேனேஜர் அப்படி யோசிக்கவில்லை. கெமராப் பதிவை எடுத்துத் தரும்படி என்னிடம் சொன்னார். அவருடைய அறையில் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். திரையில் புவனாக்கா, அவருக்கு முன்னால் சோப் ராக்கை.

"இங்க நிப்பாட்டுங்க" என்றார். "மற்ற ஆக்கள் எல்லாம் ட்ரொலிய முன்னுக்கு வச்சிருக்காங்க. இந்த அம்மா மட்டும் ஏன் பின்னுக்கு வச்சிருக்கா?"

அவர் மறுபடி ஓடவிட்டார்.

"இப்ப பாருங்க. வலது கை ஸ்கேன் பண்ணுது. அதே நேரத்தில இடது கை ஒரு சோப்ப எடுத்துப் பின்னுக்குக் கொண்டு போகுது. திரும்பிக்கூடப் பாக்கல. எவ்வளவு பழகின கை, விளங்குதா? இது கள்ளக் கை."

எனக்கு விளங்கியது. அவருக்கு விளங்கியது அல்ல.

நான் பார்த்தது என் அம்மாவை. கொழுந்து பறிக்கும் பெண்ணை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் தெரியும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஒரு கை கிள்ளும்போது மற்றது நிறைந்திருக்கும். கூடை முதுகில். கை தோளுக்கு மேலால் போய்க் கொட்டும், கண் அடுத்த செடியில் இருக்கும். யாரும் திரும்பிப் பார்த்துக் கொட்டுவதில்லை. புவனாக்காவின் ட்ரொலி அவருடைய கூடை நின்ற இடத்தில் நின்றது. அவருடைய இடது கை, பல வருடம் செய்ததைச் செய்தது. துப்பாக்கி ஸ்கேனர் இருந்த காலத்தில் அந்தக் கைக்கு அதற்கு வழி இருக்கவில்லை. கையுறையைக் கொடுத்து "இரண்டு கையும் சுதந்திரம்" என்று சொன்னோம். கை சுதந்திரமாக வேலை செய்தது. வலது கை போட்டதற்கு பீப் இருந்தது, இடது கை போட்டதற்கு இல்லை. டெப்பில் பன்னிரண்டு வந்ததும் அவர் நிறுத்திவிடுவார். பெட்டிக்குள் அதற்கு மேல் கிடக்கும். அது மூடப்பட்டு லொறியில் ஏறி, ஏதோ ஒரு கடைக்குப் போய்விடும்.

"சேர், இது களவு இல்ல. அவங்க எடுத்தது எல்லாம் அந்த ஓடர் பெட்டிக்குள்ளதான் விழுது. கடைகளுக்குக் கூடுதலாப் போயிருக்கு" என்றேன்.

"அப்படி எண்டா கடைக்காரங்க சொல்லியிருப்பாங்களே?" சனிடைசர் போத்தலை எடுத்தார். "உங்களுக்கு அந்த அம்மாவில இரக்கம். நல்லது. ஆனா நான் சொல்றதில்ல மிஸ், டேட்டா சொல்லுது."

மறுநாள் பெரட்டில் அவர் சொன்னது இது: "நம்ம மத்தியில ஒரு கள்ளக் கை இருக்கு. யார் எண்டு எனக்குத் தெரியும். அந்தக் கைக்குத் தண்டனை வரும். அது வரைக்கும் எல்லாரும், ஸ்கேன் பண்ற நேரத்தில, இடது கைய ஏப்ரன் பொக்கட்டுக்குள்ள வச்சிருக்கணும்."

ராஜி, மேல்மாடியில் புவனாக்காவோடு வேலை செய்த பிள்ளை, மெதுவாகக் கேட்டாள்: "ஏணியில ஏறுறப்பவுமா சேர்?"

"ஏறும்போது எடுக்கலாம் அம்மா. இறங்கினதும் வைக்கணும். கேள்வி ஏதும் இருக்கா?" படியிறங்கிவிட்டார்.

வளர்ந்த பெண்கள். பிள்ளை பெற்றவர்கள். வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி ஒரு கையைப் பொக்கட்டில் வைத்துக்கொண்டு ராக்கைகளுக்கு நடுவே நடந்தார்கள். ஒற்றைக் கையால் நூடில்ஸ் பெட்டியை இழுத்து, அது சரிந்தால் தோளால் முட்டுக் கொடுத்தார்கள். சிலர் பயத்தில் சாப்பாட்டு நேரத்திலும் கையை எடுக்க மறந்தார்கள். பெயர் சொல்லாமல் சொன்னாலும், மேல்மாடியில் வேகமான கை யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். மாலை பஸ்ஸில் அந்தச் சொல் தோட்டத்துக்குப் போய்விட்டது. கள்ளக் கை. லயத்துக் குழாயடியில் புவனாக்கா குடம் வைத்தால், பக்கத்தில் நின்றவர்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்களாம். இதை ராஜிதான் எனக்குச் சொன்னாள். புவனாக்கா சொல்லவில்லை.

நான் செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. கூடுதலாகச் சாமான் வந்ததாக ஒரு கடைக்காரராவது சொல்ல வேண்டும். அடுத்தது, புவனாக்கா ஒரு ஓடரை எல்லோருக்கும் முன்னால் எடுத்துக் காட்ட வேண்டும்.

கடைகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் எடுத்தேன். வலப்பனைப் பக்கம் ஒருவர் வைத்துவிட்டார். இன்னொருவர், "எங்களுக்கு எல்லாம் சரியாத்தான் வந்திச்சு" என்று வேகமாகச் சொன்னார். கடைசியில் நோர்வூட்டில் எங்கள் வீட்டார் சாமான் வாங்கும் கடையின் முதலாளி அகப்பட்டார்.

"கொறைஞ்சா நாங்க போன் பண்ணுவோம் தங்கச்சி. கூடினா எதுக்கு போன் பண்ணணும்?"

"அப்ப கூடுதலா வந்துச்சா மொதலாளி?"

"சோப்பு வந்துச்சு. நெறய தரம். கம்பனிக்காரன் ஏதோ ஓஃபர் போட்டிருக்கான்னு நெனச்சேன். சும்மா வர்றத யாரு திருப்பி அனுப்புவா?"

"அதால ஒரு பொம்பளய இங்க கள்ளின்னு சொல்றாங்க."

"யாரு புள்ள அது?" என்றார். சொன்னேன். "ஐயோ, நம்ம பக்கத்துப் புள்ளயா. சரி, ஒங்க தொரைக்கிட்ட குடு, நானே சொல்றேன்."

சொன்னார். மேனேஜர் கேட்டுக்கொண்டார். போனை வைத்துவிட்டு, "இது ஒரு கடை மட்டும்தான்" என்றார். ஆனாலும் செய்து காட்டுவதற்குச் சம்மதித்தார். ஒருவேளை அவருக்கும் சந்தேகம் வந்திருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. புவனாக்காவை எல்லோருக்கும் முன்னால் நிறுத்துவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை, அவ்வளவுதான்.

மேல்மாடியில் சோப் ராக்கையின் முன் புவனாக்கா. பொக்கட்டிலிருந்து இடது கையை எடுக்கச் சொன்னேன். ஒருபக்கம் மேனேஜர், ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். படியில் கீழ்மாடிப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு கடையின் ஓடரை டெப்பில் போட்டேன்.

அவர் எடுத்தார். வலது கை எடுத்தது, அழுத்தியது, பீப், போட்டது. இடது கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. பொக்கட்டுக்கு வெளியே வந்தும் அது பொக்கட்டுக்குள்ளேயே இருந்தது. பெட்டியைக் கொட்டி எண்ணினோம். சரியாக இருந்தது. ஒன்றுகூடக் கூடவில்லை.

"பாத்தீங்களா மிஸ்?" என்றார் மேனேஜர். கோபம் இல்லை. சந்தோஷம்கூட இல்லை. என்னால் அந்த அமைதியைத்தான் தாங்க முடியவில்லை. "ஆக்கள் பாக்கிற நேரம் சரியா செய்யத் தெரியுது."

படியை நோக்கித் திரும்பினார். "இன்னும் ஒன்னே ஒன்னு சேர்" என்றேன். "ஒரு ஓடர்." அவர் நின்றார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தலையசைத்தார்.

புவனாக்காவின் முகம் கல்லாக இருந்தது. அடுத்த ராக்கையிலிருந்து ராஜியின் குரல் வந்தது.

"என்னாக்கா, பொண்ணு பாக்க வந்தவங்க முன்னால காப்பி கொண்டு வர்ற மாதிரி நடுங்குறீங்க? மாப்புள யாரு, சேரா?"

படியில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். புவனாக்காவின் உதடு கோணியது. வேலையை நிறுத்தாமலே, ராக்கையைப் பார்த்தபடி பதில் சொன்னார்.

"போடி இவளே. நான் அவுங்க வீட்டுக்கு மருமகளாப் போனா சோப்பு மட்டுமாடி காணாமப் போகும்? மாமியாளும் சேந்து காணாமப் போயிருவா!"

இந்த முறை யாராலும் அடக்க முடியவில்லை. சிரிப்புச் சத்தத்தில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளரும் சிரித்தார். புவனாக்காவும் சிரித்தார், ராஜிக்கு இன்னும் ஏதோ சொன்னார். நான் அவருடைய வாயைப் பார்க்கவில்லை. இடது கை விடுபட்டுவிட்டது. எடுத்தது, பின்னால் போனது, விட்டது. மறுபடி எடுத்தது. வலது கை பீப் பீப் என்று தன் பாட்டில் போனது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேனேஜர் தன் கையாலேயே பெட்டியைக் கொட்டி எண்ணினார். திரும்ப எண்ணினார். டெப்பில் இருந்ததைவிடச் சோப் கூடுதலாக இருந்தது. புவனாக்கா அந்தச் சோப்களைப் பார்த்தார், பிறகு தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடப்பாவி," என்றார் கையைப் பார்த்து, "நீயா?"

அந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். ஒரு மனிதர் "நான் தவறாக நினைத்துவிட்டேன்" என்று சொல்ல எத்தனை சொற்கள் வேண்டும்? மேனேஜர் சோப்பை ராக்கையில் அடுக்கச் சொன்னார். போத்தலை எடுத்து விரல்களைத் தேய்த்தார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"அப்ப இது கவனயீனம்" என்றார். "நடைமுறை மீறல். இதுவும் ஒழுக்கப் பிரச்சினைதான்."

"அப்ப களவு இல்லன்னு நாளைக்குப் பெரட்டுல சொல்லுங்க சேர்" என்றேன்.

"நான் களவு எண்டு யாரையும் பேர் சொல்லிச் சொல்லலையே மிஸ். டேட்டா சொன்னதச் சொன்னேன். அறிக்கையும் கொழும்புக்குப் போயிட்டுது."

புவனாக்காவை அறைக்குக் கூப்பிட்டு, தானாக விலகுவதாக எழுதித் தரச் சொன்னார்கள். சிங்களத்தில் தட்டச்சுச் செய்த தாள். வாசித்துச் சொல்ல என்னையும் அழைத்தார்கள். வாசித்துச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் தாளை மேசையின் மறுபக்கம் தள்ளினார்.

"போகச் சொல்றது நீங்க. நானாப் போறேன்னு நான் ஏன் எழுதணும்? நீங்களே எழுதுங்க."

எழுதினார்கள். 'நடைமுறை மீறல் காரணமாக.' அவர் சால்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கினார். வாசலில் குடையை விரித்துக் காட்டச் சொல்ல அன்றும் ஆள் நின்றார். விரித்துக் காட்டிவிட்டுப் போனார். பகிடி எதுவும் சொல்லவில்லை.

அன்றே நான் நிர்வாகத்துக்கு எழுத்தில் மூன்று விடயங்கள் கேட்டேன்.

முதலாவது: இரண்டு கையால் வேலை செய்பவர்களுக்கு இடது கைக்கும் ஸ்கேனர் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது: பொக்கட் சட்டத்தை நீக்க வேண்டும்.

மூன்றாவது: 'கள்ளக் கை' என்று சொன்ன அதே பெரட்டில், அதே குரலில், அது களவு இல்லை என்று சொல்ல வேண்டும்.

முதலாவதற்கு 'பரிசீலிக்கப்படும்' என்று பதில் வந்தது. பொக்கட் சட்டம் யாரும் அறிவிக்காமலே மெல்ல மறைந்தது. பெண்கள் ஒவ்வொருவராகக் கையை வெளியே எடுத்தார்கள், யாரும் கண்டிக்கவில்லை. மூன்றாவதைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை. நேரில் போய்க் கேட்டேன். "முடிஞ்ச விசயம் மிஸ்" என்றார். மறுபடி கேட்டேன். மற்றவர்களின் மனநிலையைக் கெடுக்கிறேன் என்றார். வேறு வேலை கிடைத்ததும் விலகினேன். இப்போது ஒரு பாடசாலையில் கணினிப் பிரிவில் இருக்கிறேன். அங்கே பிள்ளைகளின் கை பொக்கட்டில் இருந்தால், குளிருகிறது என்று மட்டும்தான் அர்த்தம்.

இனி போஸ்டருக்கு வருகிறேன். என் முதலாவது கோரிக்கை சுவரில் சிரித்துக்கொண்டு நிற்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தப் பெண்ணின் ட்ரொலி முன்னால் இல்லை, பின்னால் நிற்கிறது. வலது கை சோப்பைக் காட்டுகிறது, இடது கை திரும்பிப் பாராமல் பின்னால் போடுகிறது. இது பொறியியலாளர்கள் ஆராய்ந்து கண்டுபிடித்த முறை என்று பயிற்சியில் சொன்னார்களாம். இரண்டு கை வந்ததால் ஆளுக்கு எடுக்க வேண்டிய அளவும் கூடிவிட்டதாம். ஒரு பெண்ணின் கை செய்தபோது அதற்குப் பெயர் களவு. அதே அசைவுக்கு இரண்டாவது பீப் வந்ததும் பெயர் வேகம். இவர்கள் அதைக் கற்றுக்கொண்டது யாரிடமிருந்து? கெமராவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்களே, அந்தப் பதிவிலிருந்துதான் என்று நான் சந்தேகப்படுகிறேன். நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆகவே சந்தேகம் என்று மட்டும் எழுதுகிறேன். சந்தேகத்தைச் சந்தேகம் என்றே சொல்லும் அந்தச் சிறிய நாகரிகத்தை அவர்கள் புவனாக்காவுக்குக் காட்டவில்லை.

எழுதுவதற்கு முன் அவருக்குப் போன் எடுத்தேன். இப்போது நுவரெலியாவில் மரக்கறி தரம் பிரிக்கும் இடத்தில் வேலை. பின்னால் தண்ணீர் அடிக்கும் சத்தமும் பெண்கள் பேசும் சத்தமும் கேட்டன.

"இங்க கெரட் கழுவுறோம் புள்ள. ரெண்டு கையும் போதல, இன்னும் ரெண்டு இருந்தா நல்லதுங்கிறாங்க."

போஸ்டரைப் பற்றிச் சொன்னேன்.

"லயத்துல இன்னும் கள்ளக் கைன்னு சொல்றாங்களாக்கா?"

"முன்ன மாதிரி இல்ல. ஆனா என் மகள பொண்ணு கேட்டு வந்தவங்க ஒரு தடவ கேட்டாங்க. அந்த ஸ்டோர்ஸ் விசயம் என்னான்னு." பிறகு, "ஒன்னும் இல்லன்னேன். ஒன்னும் இல்லாததுக்கு எதுக்கு நிப்பாட்டுனாங்கன்னு கேட்டாங்க. நான் என்னா சொல்ல?"

கட்டுரையில் அவர் பெயரை மாற்றி எழுதவா என்று கேட்டேன்.

"எதுக்கு? பேரப் போட்டே எழுது. கையத்தான் மறைக்கச் சொன்னானுங்க. பேரயும் நானே எடுத்துப் பொக்கட்டுல வச்சுக்கணுமா?"

பெயர் புவனேஸ்வரி. எழுதிவிட்டேன்.

இனி உங்கள் வேலை, பிள்ளைகளே. பயிற்சிக்காலம் முடியும்வரை தினமும் அந்தப் போஸ்டருக்கு முன்னால்தான் உங்களைப் பெரட்டுக்கு நிறுத்துவார்கள். மேனேஜர் இன்னும் அவரேதான் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் அவர், "கேள்வி ஏதும் இருக்கா?" என்பார். கையைத் தூக்குங்கள், எந்தக் கையானாலும் சரி. புவனேஸ்வரியின் கை கள்ளக் கை இல்லை என்று எப்போது சொல்லப் போகிறீர்கள் என்று கேளுங்கள். அவர் படியிறங்குவதற்குள் கேட்டுவிடுங்கள்.